நீல டின்னின் பின்பக்கம்

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, மாணிக்கம் அங்கிளைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அந்த மனுஷனைப் பார்த்துப் போய்க் கத்தினேன்.

நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தண்ணி கலக்குகிறவன். ஊரில் இருக்கிறவர்கள் உடனே சிரிக்க வேண்டாம். இங்கே டீ, காப்பி, ஐஸ் போட்டது எல்லாவற்றுக்கும் தண்ணி என்றுதான் பெயர். சாப்பிட உட்கார்ந்ததும் 'என்ன தண்ணி?' என்று கேட்பார்கள். அதைக் கலக்குவதற்கென்றே ஒரு ஆள் இருப்பான். இந்தக் கடையில் இருபத்தொரு வருஷமாக அந்த ஆள் நான்.

அன்றைக்கு அங்கிள் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டு என் மேடைக்கு வந்தார்.

"தம்பி, டைனோசர் ஒண்ணு. குராங் மானிஸ் லா. எனக்கு இனிப்புநீர் இருக்குன்னுதான் ஒனக்குத் தெரியுமே."

இனிப்புநீர் என்றால் இங்கே சர்க்கரை வியாதி. குராங் மானிஸ் என்றால் மலாயில் இனிப்புக் குறைவாக, லா என்பது இந்த ஊர்ப் பேச்சில் ஒரு இழுப்பு. டைனோசர் என்னவென்று சொன்னால்தான் எனக்கு ஏன் ரத்தம் கொதித்தது என்று உங்களுக்குப் புரியும். பெரிய கண்ணாடிக் குவளையில் சாக்லேட் மாவை மூன்று கரண்டி குவித்துப் போட வேண்டும். கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். டின் பாலை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, சீனி ஒரு கரண்டி போட்டு, ஐஸால் நிரப்ப வேண்டும். கடைசியில் அதன் தலையில் இன்னும் இரண்டு கரண்டி மாவைக் கரைக்காமல் அப்படியே மலை மாதிரி கொட்டிக் கொடுக்க வேண்டும். அதுதான் டைனோசர். இதைப் போய் ஒருவர் இனிப்புக் குறைவாகக் கேட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு கரண்டி சீனியைப் போடாமல் விடுவேன். மாவுக்குள் இருக்கிற சீனி மாவுக்குள்ளேயே இருக்கும். டின் பால் என்பதோ சீனியும், ஊரில் பாமாயில் என்கிற செம்பனை எண்ணெயும்தான், பால் பேருக்குத்தான். அது அப்படியே உள்ளே போகும்.

இந்த ஊரில் இது தினமும் நடக்கிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பேதமே கிடையாது. 'குராங் மானிஸ்' என்று வாயால் சொல்லிவிட்டால் போதும், உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நிம்மதி. இத்தனை வருஷம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு கரண்டிய விட்டுட்டு மிச்சத்த எல்லாம் குடிக்கப் போறீங்க. யார ஏமாத்துறீங்க அங்கிள்? கால்ல ஏற்கனவே கட்டு. வெட்டி எடுத்தாத்தான் அடங்குவீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார்.

"நீ என்ன டாக்டரா? கேட்டதக் கலக்கிக் குடு. இல்லன்னா ஏப்ரன கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ."

கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கிள்மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் கத்தியது அத்தனையும் என்னைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டியது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தேன். வேலை அனுமதிச் சீட்டோடு இங்கே வந்தேன், இங்கே பிறந்து வளர்ந்த தேவியைக் கல்யாணம் செய்துகொண்டேன், அப்படியே தங்கிவிட்டேன். தேவி துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டின பண்டமாரானில் வீடு. தினமும் விடிந்ததும் ரயிலேறிக் கோலாலம்பூர் வந்து, சாயங்காலம் திரும்புகிறேன். எங்களுக்கு ஒரே பெண், தர்ஷினி. பதினான்கு வயது.

மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேரம் பேசுவேன், சண்டை போடுவேன், கிண்டல் செய்து மலாய்க்காரர்களையே சிரிக்க வைப்பேன். ஆனால் எல்லாம் வாயோடு சரி. எழுத்துக் கூட்டத் தெரியும், கூட்டின பிறகு என்ன சொல்கிறது என்று தெரியாது. கடையில் தினமும் புழங்குகிற பத்து இருபது சொற்களை அடையாளம் கண்டுகொள்வேன், அவ்வளவுதான். ஆங்கிலமும் அதே கதி.

மனைவியின் பேரில் தங்கியிருக்கிறவன் என்பதால் விசாவைப் புதுப்பிக்க அவ்வப்போது போய் வரிசையில் நிற்க வேண்டும். எண் எழுதின துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம். படிவத்தை முன்பெல்லாம் தேவி நிரப்புவாள், இப்போது தர்ஷினி நிரப்புகிறாள். விரலால் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க சைன் போடுங்கப்பா" என்பாள். போடுவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அவள் கண்ணைச் சுழற்றுவாள். பெற்ற பெண் முன்னால் அது ஒரு மாதிரி இருக்கும்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. போன தடவை லீவில் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் யாரோ சிங்கப்பூரிலிருந்து அனுப்பின தைல பாட்டிலைக் கொண்டுவந்தார். எங்கள் அண்ணன் அதை வாங்கி என் கையில் கொடுத்து, "என் தம்பி படிச்சுச் சொல்லுவான் பாருங்க" என்றார். நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிய பூசறதுக்கு மட்டும்னு போட்டிருக்கான். கண்ணுல படக் கூடாதாம்" என்றேன். தைலத்தில் வேறு என்ன எழுதப் போகிறான்? அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

3

அண்ணன் செல்வராசுக்கு ஐம்பத்தைந்து வயது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பேருந்து ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டிருந்தார் என்று இனிமேல் எழுத வேண்டும். அந்த வண்டியை அவர் ஓட்டுகிற அழகைப் பார்ப்பதற்காகவே சின்ன வயதில் முன்சீட்டுக்கு அடித்துக்கொள்வேன். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூடப் பயணிகளுக்கு உடம்பு குலுங்காமல் நிறுத்துவார்.

மலேசியாவிலிருந்து ஊருக்குப் போகிற எவனுடைய பெட்டியையாவது திறந்து பாருங்கள். சாக்லேட் மாவு டின் இல்லாத பெட்டி இருக்காது. நானும் முதல் லீவிலேயே ஆரம்பித்துவிட்டேன். நான் போகாத வருஷத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஊருக்குக் கிளம்புகிறவன் எவனையாவது பிடித்து, அவன் சட்டை துணியை எடுத்து வெளியே வைக்கச் சொல்லியாவது டின்னைத் திணித்துவிடுவேன். அண்ணன் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. டீ, காப்பி போல அது ஒரு பானமில்லை, மருந்து மாதிரி. தெருவில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அண்ணன் ஒரு டப்பாவில் கொஞ்சம் மாவை எடுத்துக்கொண்டு பார்க்கப் போவார். "வெளிநாட்டுச் சத்து. தம்பி அனுப்பினான்" என்பார். காலியான டின்களை அண்ணி கழுவித் துடைத்து, பருப்பு, புளி, மிளகாய் என்று போட்டு வைப்பார், படம் போட்ட பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அண்ணனுக்கு வைராக்கியம் அதிகம். டாக்டர் சொன்ன அன்றைக்கே டீயில் சீனியை நிறுத்தினார். கோயில் பொங்கலைக் கையில் வாங்கிப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். நான் விடுவேனா? கிள்ளானில் பெரிய பேரங்காடிக்குப் போய், அடுக்கடுக்காக நிற்கிற டின்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில் நீல டின் ஒன்று கண்ணில் பட்டது. முன்பக்கத்தில் ஒரு மனுஷன் ஓடுகிறான். பக்கத்தில் பச்சை இலை, சிவப்பில் இதயம். பெரிய எழுத்தில் சீனி சேர்க்காதது என்று மலாயில் போட்டிருந்தது. குலா, அதாவது சீனி, என்கிற சொல்லை எனக்குத் தெரியாதா? தினமும் அதில்தானே என் பிழைப்பு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"அண்ணே, சீனியே சேக்காத டின்னு ஒண்ணு புடிச்சிட்டேன். ஒங்களுக்குன்னே தேடி எடுத்தது. இனிமே பயப்படாம குடிங்க."

பயப்படாமல் குடியுங்கள் என்று சொன்னது நான். இதே வாய்தான் சொன்னது.

4

அண்ணனுக்கு வலது காலில் செருப்பு கடித்து ஒரு புண். இரண்டு மாதமாக ஆறவில்லை. சாதாரணப் புண் என்று கட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். பிறகு காய்ச்சல் வந்து தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கத்தினதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். அவர் பேர் மலர். சத்தம் போட்டுப் பேசாதவர்.

"ரெண்டு வெரல எடுக்கணுங்குறாங்க தம்பி. புதங்கெழம. இல்லன்னா மேல ஏறிடுமாம்."

வலது கால். பிரேக் மிதிக்கிற கால். அண்ணியே தொடர்ந்தார்.

"டாக்டரு என்ன சாப்புடுறீங்கன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாரு. சீனின்னு ஒரு துளி நாக்குல வெக்கிறதில்ல சார், டீ கூட வெறும் டீதான்னு ஒங்க அண்ணன் சொல்லிட்டாரு. நெசந்தானே? அப்புறம் ஏன் சர்க்கர ஏறிக்கிட்டே போவுதுன்னு அவருக்கே புரியல. மாத்திரைய ஏத்துனாரு, ஊசியும் போட்டாரு, ஒண்ணுத்துக்கும் கேக்கல."

அப்போதுதான் அவர் கையில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தேன். அதில் என்ன என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஒங்க டின்னுதான். ஆளு ரொம்ப எளைச்சுப் போயிட்டாரா, அதான் மூணு வேளையும் பால்ல கலக்கிக் குடுக்குறேன். இனிப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு, நாலு கரண்டி போட்டாத்தான் எறங்குது. சீனி இல்லாததுதானே, எவ்வளவு போட்டா என்ன?"

இருபத்தொரு வருஷம் தண்ணி கலக்கினவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சீனி சேர்க்காத ஒரு பொருள் ஏன் இனிக்க வேண்டும்? கொஞ்சமாக இனித்தாலும், எங்கேயிருந்து இனிக்கிறது? கடையில் ஆயிரம் பேரிடம் மனசுக்குள் நக்கலாகக் கேட்ட கேள்வியை, என் சொந்த அண்ணன் விஷயத்தில் நாலு வருஷமாக நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

5

அடுத்து ஊருக்குப் போகிறவனிடம் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த இரண்டு நீல டின்கள் அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு தர்ஷினியிடம் போனேன். அவள் சோபாவில் காலை மடித்துப் போட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் தமிழில் பேசுவேன், அவள் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வாள். பெரியப்பாவோடு வீடியோவில் பேசு என்றால் 'ஹாய் இந்தியா அங்கிள்' என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். அவளைச் சொல்லிப் பயனில்லை. அவள் அவரைப் பார்த்ததே இரண்டு தடவைதான்.

"இதப் படிம்மா. பின்னாடி சின்னதா எழுதியிருக்குல்ல, முழுசா படி."

"ஏன்பா? முன்னாடிதான் போட்டிருக்கே."

"படின்னா படி."

என் குரலைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். டின்னை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து.

"மால்டோடெக்ஸ்ட்ரின். அதுதான் ஃபர்ஸ்ட். அப்புறம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட். பால் பவுடர். செம்பனை எண்ணெய். கோகோ."

"கோகோ அஞ்சாவதா?"

"ஆமா லா. எது அதிகமா இருக்கோ அதைத்தான் ஃபர்ஸ்ட் எழுதணும். சயன்ஸ் டீச்சர் சொன்னாங்க."

சாக்லேட் படம் போட்ட டின்னில் சாக்லேட்டுக்கு ஐந்தாவது இடம். சரி, அது கிடக்கட்டும். முதலில் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன்.

"ஸ்டார்ச்லேருந்து செய்யறதுப்பா. சீனின்னு பேர் இல்ல, ஆனா உள்ள போனா சீனி மாதிரிதான், ரொம்ப சீக்கிரமா ஏறும். மால்ட்லயும் அது மாதிரிதான் இருக்கு. அவங்க சீனி 'சேக்கல', அது பொய் இல்ல. இங்க பாருங்க, கார்போஹைட்ரேட், டின்னுல பாதிக்கு மேல அதான். அப்புறம் இங்க, ஒரு நாளைக்கு மூணு டீஸ்பூன்னு போட்டிருக்கு. இனிப்புநீர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்கணும்னும் இருக்கு. இதோ, கடைசி லைன்."

கடைசி வரி. அடியில், டின்னின் வளைவுக்குப் பக்கத்தில், மடிப்பில். ஓடுகிற மனுஷனுக்கு முன்பக்கம் முழுவதும் இடம் இருந்தது. பச்சை இலைக்கு இடம் இருந்தது. என் அண்ணனின் கால் சம்பந்தப்பட்ட வரிக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விட்டது. தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள், அதுவும் சட்டப்படி, சுத்தமாக, ஒரு பொய்யும் சொல்லாமல்.

அப்போதுதான் கவனித்தேன். இதையெல்லாம் படிக்கும்போது தர்ஷினி மறு கையில் ஒரு சாக்லேட் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, இடையிடையே உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். சோபாவெல்லாம் சிந்தியது.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள். அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "தெரிஞ்சுதான் குடிக்கிறேன். வாரத்துல ஒண்ணு. அந்த இந்தியா அங்கிளுக்குத் தெரியாதுல்ல? நீங்க சொல்லலையா?"

6

சொல்ல வேண்டும். புதன்கிழமைக்கு முன்னால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது எனக்குப் புரிந்தது. அன்றைக்கே அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"அண்ணி, இங்க அந்த டின்னுல ஏதோ பிரச்சினைன்னு பேசிக்கிறாங்க. இனிமே குடுக்காதீங்க. எதுக்கும் டாக்டர்கிட்ட டின்ன ஒரு தடவ காட்டிருங்க."

பேசிக்கொள்கிறார்களாம். யார் பேசிக்கொண்டார்கள்? பதினான்கு வயதுப் பெண் டின்னைத் திருப்பி வைத்துப் படித்தாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூசி மெழுகிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள்தான் மாணிக்கம் அங்கிள் டைனோசர் கேட்டார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கடையிலிருந்து விரட்டப்பட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தவன் சும்மா இருக்கவில்லை. டின்னில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. எண் படிக்கத் தெரியுமே. அடித்தேன். மலாய் வேண்டுமானால் ஒன்றை அழுத்து, ஆங்கிலம் என்றால் இரண்டு, சீனம் என்றால் மூன்று. தமிழுக்கு எண் இல்லை. ஒன்றை அழுத்திவிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டே நெடுநேரம் காத்திருந்தேன். ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் தயாரிப்பில் சர்க்கரை சேர்க்கப்படவில்லை, எல்லா விவரமும் டின்னிலேயே இருக்கிறது என்று ஒப்பித்தாள். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் மறுபடியும் அதையே ஒப்பித்தாள். மூன்றாவது தடவை நான் ஆத்திரத்தில் தமிழில் ஏதோ முனகிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்முனையில் குரல் தணிந்தது.

"அண்ணே, தமிழாண்ணே நீங்க?"

"ஆமாம்மா."

"எழுதிக் குடுத்ததத்தான்ணே நான் சொல்ல முடியும். கோவிச்சுக்காதீங்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "எங்கப்பாவுக்கும் இனிப்புநீர் இருக்கு. எங்களுக்கு ஆபீஸ்ல இது சும்மாவே குடுப்பாங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல."

பிறகு சட்டென்று மலாய்க்கு மாறி, அழைத்ததற்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் டின்னை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் வீசினேன். மூடி திறந்து மாவு முழுக்கக் கொட்டியது. சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிட்டது. எறும்புக்குத் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்து வந்த தேவி ஒன்றும் கேட்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

7

புதன்கிழமை இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்கு மேல் ஏறவில்லை.

அண்ணி டின்னைக் காட்டியிருக்கிறார். டாக்டர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லையாம். வாங்கினதும் பின்பக்கம் திருப்பினாராம். ஒரு நிமிஷம் படித்துவிட்டு, எவ்வளவு காலமாக, எத்தனை கரண்டி என்று கேட்டிருக்கிறார். அண்ணி சொன்னதும் பிடித்துக்கொண்டாராம். "படிக்கத் தெரிஞ்சவங்கதானம்மா அனுப்பியிருப்பாங்க, கேக்க வேண்டாமா?" என்று நாலு பேர் முன்னால் அண்ணியைத் திட்டியிருக்கிறார். இது மட்டுமே காரணம் இல்லை என்றும் சொன்னாராம். மூன்று வேளை அரிசிச் சோறு, டியூட்டி நாளில் மாத்திரையைத் தள்ளிப் போட்டது, புண்ணை இரண்டு மாதம் மூடி வைத்தது, எல்லாமும் சேர்ந்துதான் என்றாராம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் ஆறுதலாக இருந்தேன். அரை நாளுக்கு மேல் அது தாங்கவில்லை.

கடைக்குத் திரும்பப் போய்விட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் ஏப்ரனைத் தூக்கிப் போட்டார். அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ கத்தினது நெஜந்தானேப்பா" என்றார். அன்றைக்கு அவர் வெறும் டீ குடித்தார், அதற்கடுத்த நாள் மறுபடியும் டைனோசர் கேட்டார். அவருக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்குக் கலக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கலக்காவிட்டால் வேறொருவன் கலக்குவான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நாளைக் காலையில் போய் அதே கரண்டியைத்தான் பிடிக்கப் போகிறேன்.

விரல்களை எடுத்து எட்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், அண்ணனே கூப்பிட்டார். வீடியோ இல்லை, குரல் மட்டும். இனிமேல் வண்டி கொடுக்க மாட்டார்கள், டிப்போவில் எங்காவது உட்கார வைப்பார்கள் போலிருக்கிறது என்று யாரோ ஒரு மூன்றாம் மனுஷனைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு அவரே எடுத்தார்.

"மலரு ஒரே பொலம்பல்டா. அந்த டின்னுல சீனி மாதிரி என்னமோ இருந்துச்சாமே?"

"ஆமாண்ணே."

"இது இனிக்குதே, சீனி இல்லன்னானேன்னு எனக்கே ஒரு நாளு தோணுச்சு. அப்புறம் நானே மனசத் தேத்திக்கிட்டேன். பின்னாடி அவ்வளவு எழுதியிருக்கே, தம்பி அதையெல்லாம் படிச்சுப் பாக்காமயா நமக்கு அனுப்புவான்னு."

அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. உள்ளதைச் சொன்னார். தேவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தர்ஷினி எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவருக்கும் முன்னால் சொன்னேன்.

"எனக்கு அதப் படிக்கத் தெரியாதுண்ணே."

"என்னது?"

"இந்த ஊரு எழுத்து எனக்குப் படிக்க வராது. பேசத்தான் தெரியும். அன்னிக்கு அந்தத் தைல பாட்டில்ல கூட நானா அடிச்சு விட்டதுதான். டின்னு முன்னாடி பெருசா இருந்தத மட்டும் பாத்தேன். அத நம்பித்தான் ஒங்களப் பயப்படாம குடிங்கன்னேன்."

அங்கே ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனது கேட்டது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. நாலு கெட்ட வார்த்தை சொல்லி, இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்றால்கூடப் பரவாயில்லை.

"அப்ப இத்தன வருசமா அங்க எப்படிடா இருந்த?" என்று கேட்டார்.

இரண்டு விரல் போன காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, என் அண்ணன் எனக்காக இரக்கப்பட்டுக் கேட்ட கேள்வி அது. போனைத் தர்ஷினியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.